மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்த பிள்ளையோடு நம் பிள்ளை விளையாடலாமா?

21 அக்டோபர் 2024, மாலை 6.20 (வாசகி ஒருவரின் கேள்வி)

பக்கத்து வீட்டுப் பெண் குழந்தைக்கு ஏழு வயது. மூளைக்காய்ச்சல் என்று இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து நேற்றுதான் கூட்டிவந்தார்கள். பேச்சு குழறுகிறது, வலது கை நடுங்குகிறது. என் மகளும் அவளும் ஒரே வகுப்பு, ஒன்றாகவே திரிந்தவர்கள். என் மாமியார், "கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் அனுப்பாதே, ஒட்டிக்கும்" என்கிறார். ஊரில் சிலர் பன்றி வளர்ப்பவர்களோடு சண்டைக்குப் போய்விட்டார்கள். இது ஒட்டுமா, ஒட்டாதா?

21 அக்டோபர் 2024, இரவு 9.10

ஒட்டாது. நாளைக்கே அனுப்புங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எழுதியிருந்தால் தயங்கவே வேண்டாம். ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே பாயில் படுத்தாலும் வராது. கொசு கடித்துத்தான் வரும். மனித ரத்தத்தில் அந்த வைரஸ் கொசுவைத் தொற்றும் அளவுக்குப் பெருகுவது கிடையாது. அதனால் அந்தப் பிள்ளையைக் கடித்த கொசுவே அடுத்த நிமிடம் உங்கள் மகளைக் கடித்தாலும் அந்த வழியில் நோய் போகாது.

என் மகனுக்கு 2004 நவம்பரில் வந்தது. அப்போது அவனுக்கு ஆறு வயது. விழுப்புரம் மாவட்டத்தில் ஏரிப் பாசன ஊர் எங்களுடையது. பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு எட்டு மாதம் எங்கள் வாசலில் ஒரு பிள்ளையும் கால் வைக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தெருவில் கோலி ஆடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பான். கோலி அவன் காலடிக்கு உருண்டு வந்தால்கூட எடுத்துப் போக ஒருவனும் வரமாட்டான். அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் "நாளைக்கே" என்றேன்.

21 அக்டோபர் 2024, இரவு 11.45

படுத்தும் தூக்கம் வரவில்லை. ஒன்றை அவசரமாக எழுதிவிட்டேன்.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். நம் ஊரில் மூளைக்காய்ச்சல் என்பது பத்து நோய்க்கு ஒரே பெயர். மூளையைச் சுற்றியுள்ள உறை வீங்கினாலும் அதுதான், மூளையே வீங்கினாலும் அதுதான். சாதாரணக் காய்ச்சலில் வரும் வலிப்பையும் சிலர் அப்படியே சொல்வார்கள். இவற்றில் மெனிங்கோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் உறைக்காய்ச்சல் எச்சில், இருமல் வழியாகப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பரவும். அதற்கு வீட்டில் உள்ளவர்களுக்கும் மாத்திரை கொடுப்பார்கள். இருபத்திரண்டு நாள் சிகிச்சை முடிந்து வந்த பிள்ளையிடமிருந்து அதற்கும் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் எந்த நோய் என்று தெரிந்து பேசுவது நல்லது.

22 அக்டோபர் 2024

ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான் என்று பதில் வந்திருக்கிறது. முதுகில் எடுத்த நீரில் ஐ.ஜி.எம். (அந்த வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் பொருள்) பாசிட்டிவ் என்று சீட்டில் இருக்கிறதாம். சரி, அப்படியானால் நான் முதலில் சொன்னதே நிற்கிறது.

பன்றி விஷயம். பன்றியின் உடம்பில் இந்த வைரஸ் பல மடங்கு பெருகும், பன்றிக்கு வெளியே பார்க்க ஒன்றும் இருக்காது. அதைக் கடித்த கொசு நம் பிள்ளையைக் கடிக்கும்போது நோய் வருகிறது. அதனால் ஊருக்குள், வீட்டோடு ஒட்டிப் பன்றி இருக்கக் கூடாது. பன்றிதான் காரணம்.

24 அக்டோபர் 2024

"பன்றிதான் காரணம்" என்று மேலே எழுதியது பாதிதான் சரி. இதைப் படித்துவிட்டு யாராவது கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினால் அந்தப் பாவம் எனக்கு.

இந்த வைரஸ் இயற்கையில் வாழ்வது நீர்ப் பறவைகளிடம். கொக்கு, மடையான், நாரை இனங்கள். எங்கள் ஊரில் 2004இல் ஒரு பன்றிகூடக் கிடையாது. பக்கத்து ஊரில் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் ஏரிக்கரைக் கருவேல மரங்கள் முழுக்கக் கொக்கு அடையும். சாயங்காலம் மரமே வெள்ளையாகத் தெரியும். என் மகன் அதைக் காட்டி "பூ பூத்திருக்கு" என்பான்.

பன்றி பெருக்கிக் கொடுக்கிறது என்பது உண்மை. பட்டியைக் குடியிருப்பிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்கள், கொசுவலை அடிக்கச் சொல்லுங்கள். வளர்ப்பவரை அடித்துத் துரத்தினால் வைரஸ் ஊரைவிட்டுப் போகாது. அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பட்டிக்குப் பக்கத்தில் படுக்கிறவர்கள் அவர்கள்தான்.

மாடு? மாட்டையும் இந்தக் கொசு நிறையக் கடிக்கும். சொல்லப்போனால் மனிதரைவிட மாட்டைத்தான் அதற்குப் பிடிக்கும். ஆனால் மாட்டில் வைரஸ் பெருகாது.

இன்னொன்று, இது டெங்கு கொசு இல்லை. டெங்கு கொசு பகலில் கடிக்கும், தொட்டியிலும் தேங்காய் ஓட்டிலும் நிற்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடும். இது கியூலெக்ஸ் வகை. நடவு வயலில் தேங்கிய நீரில் பிறந்து, விளக்கு வைக்கும் நேரத்திலிருந்து இரவு முழுக்கக் கடிக்கும். மொட்டை மாடியில் டயரைக் கவிழ்த்துவிட்டு இதற்கும் வழி செய்துவிட்டோம் என்று இருக்காதீர்கள். பிள்ளைகளுக்கு மாலை ஐந்தரைக்கு மேல் முழுக்கைச் சட்டை, இரவில் கொசுவலை.

26 அக்டோபர் 2024

"முதலில் எப்படித் தெரிந்தது" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

முதல் நாள் காய்ச்சல், தலைவலி, இரண்டு முறை வாந்தி. மழைக்காலம், ஊர் முழுக்கக் காய்ச்சல். டவுனில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு, "வைரஸ் காய்ச்சல், மூன்று நாளில் சரியாகிவிடும்" என்று அனுப்பினார்கள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் மதியம், நல்ல வெளிச்சத்தில், "ஏம்ப்பா லைட்டு போடல?" என்று கேட்டான். காய்ச்சல் பிதற்றல் என்று நினைத்தேன். சாயங்காலம் என்னைப் பார்த்து "பாட்டி" என்றான். அவன் அம்மா கஞ்சி கொடுத்தபோது வாயில் வாங்கிக்கொண்டு விழுங்காமல் வைத்திருந்தான். அவள் "முழுங்குடா, முழுங்குடா" என்கிறாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். கஞ்சி கடைவாயில் வழிகிறது.

அந்தக் கஞ்சிதான் அடையாளம். இன்று என்னிடம் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். காய்ச்சல் எத்தனை டிகிரி என்பது அப்புறம். காய்ச்சலோடு பிள்ளை ஆள் மாறிப் பேசினால், பெற்றவர்களைத் தெரியாமல் விழித்தால், தட்டி எழுப்பினாலும் மறுபடி சாய்ந்தால், கழுத்தை மடக்க முடியாமல் விறைத்தால், இழுப்பு வந்தால், அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். காலை வரை பார்ப்போம் என்ற பேச்சே கூடாது.

இரவு பதினொன்று இருக்கும், வலது கை விரல்கள் மாவு பிசைவது போல அசைய ஆரம்பித்தன. அப்புறம் தோள், அப்புறம் உடம்பு முழுக்க. என் அம்மா ஓடிப்போய்ப் பீரோ சாவியை எடுத்து வந்து அவன் கையில் திணித்தார். இன்னொருவர் வெங்காயத்தை நசுக்கி மூக்கில் காட்டினார். பூசாரி வந்து திருநீறு போட்டு வேப்பிலை அடித்தார். இப்படியே இரவு போனது. விடிகாலை ஐந்து மணிக்குப் பால் வண்டியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே பயிற்சி டாக்டர் ஒரு பெண், சின்ன வயது. முதலில் கேட்டது: "எப்போ ஆரம்பிச்சது? ஒரு தடவை எத்தனை நிமிஷம் இழுத்தது?" வீட்டில் அன்று பதினாறு பேர் நின்றிருந்தோம். ஒருவரும் மணி பார்க்கவில்லை.

பன்னிரண்டு நாள் நினைவில்லை. மூக்கு வழியாகக் குழாயில் பால். மூளை வீக்கத்துக்கு மானிட்டால், இழுப்புக்கு மருந்து, இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்தார்கள். பத்தொன்பதாம் நாள் "தண்ணி" என்றான்.

27 அக்டோபர் 2024

நேற்று எழுதியதைத் திருப்பிப் படித்தேன். என் அம்மாவைக் குற்றவாளி ஆக்கியது போல இருக்கிறது. அது நியாயமில்லை. அவர் 2015இல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சாவி கொடுத்தது அவர்தான். ஆனால் அன்று இரவு "தரைப்பாலத்தில் தண்ணி ஓடுது, விடியட்டும்" என்றது நான். அம்மா இரண்டு முறை "வண்டிக்கு ஆளனுப்புடா" என்றார். பாலத்தில் முழங்கால் அளவுதான் தண்ணீர் என்று காலையில் தெரிந்தது.

ஆறு மணி நேரம் முன்னால் போயிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமா என்று அந்த டாக்டரிடம் கேட்டேன். வைரஸ் செய்கிற சேதத்தை நாம் தடுத்திருக்க முடியாது, ஆனால் நிற்காத இழுப்பு தனியாக ஒரு சேதம் செய்யும், அந்த நேரத்தில் மூளைக்கு ஆக்சிஜன் குறையும் என்றார். "இனிமேல் அதையே நினைக்காதீங்க" என்றும் சொன்னார்.

31 அக்டோபர் 2024, தீபாவளி

பண்டிகை நாளில் எல்லாரும் ஊர்ப் பயணத்தில் இருப்பீர்கள், அதனால் இதை மட்டும்.

இழுப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், கரண்டி, துணி, தண்ணீர், எதுவும் கூடாது. கையைக் காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். இரும்பு வேண்டாம். மணி பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால், அல்லது நின்று மறுபடி வந்தால், 108. சாவி கொடுத்ததும் நின்றது என்பார்கள். பெரும்பாலான இழுப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும், சாவி அந்த நேரத்தில் கையில் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை காய்ச்சல் ஏறும்போது சில பிள்ளைகளுக்கு ஓரிரு நிமிடம் இழுப்பு வந்து, சற்று நேரத்தில் தெளிந்து, பழையபடி அம்மாவைத் தேடும். அது வேறு, அதில் மூளை பாதிக்காது. இழுப்பு நின்ற பிறகும் பிள்ளை தெளியவில்லை என்றால்தான் மூளைக்காய்ச்சல் பயம்.

3 நவம்பர் 2024

முதுகில் நீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடுமா என்ற கேள்வி. என் மனைவியின் அண்ணன் இதையே சொல்லி அன்று கையெழுத்துப் போட விடாமல் ஒன்றரை மணி நேரம் தடுத்தார்.

அந்தப் பெண் டாக்டர் ஒரு பழைய கேஸ் ஷீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். தண்டுவடம் முதுகெலும்பின் முழு நீளத்துக்கும் வருவதில்லை. இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் தனித்தனி இழையாக நீரில் மிதக்கும். ஊசி போவது அந்தக் கீழ்ப்பகுதியில், இடுப்பெலும்பின் உச்சி மட்டத்தில். இழைகள் விலகிக் கொடுக்கும். "தண்ணியில மிதக்கிற சேமியாவில குச்சி விட்டா சேமியா நகருமில்ல, அது மாதிரி" என்றார். அதற்குமேல் அண்ணன் வாய் திறக்கவில்லை.

நீர் எடுக்காமல் எந்தக் கிருமி என்று தெரியாது. தெரியாமல் சரியான மருந்தும் கிடையாது. பிள்ளையின் நிலைமை பார்த்து முதலில் ஸ்கேன் எடுத்துவிட்டு அப்புறம் எடுக்கலாம் என்று டாக்டரே தள்ளிப்போடுவது உண்டு, அது வேறு காரணம்.

5 நவம்பர் 2024

ஒருவர் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்: "வைரஸ் என்றால் மருந்தே இல்லையே, ஆஸ்பத்திரியில் வைத்து என்ன பயன்?" நானும் பல இடத்தில் மருந்து இல்லை என்று சொல்லித் திரிந்தவன். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை என்பது சரி. ஆனால் பிள்ளை மயங்கி வரும்போது அது எது என்று யாருக்கும் தெரியாது, அதைத்தான் நான் மறந்துபோகிறேன்.

வாயோரம் கொப்புளம் வர வைக்கும் ஹெர்பிஸ் வைரஸ் சில நேரம் மூளைக்குப் போகும். அதற்கு ஏசைக்ளோவிர் மருந்து உண்டு. அது இல்லாத காலத்தில் பத்தில் ஏழு பேர் இறந்தார்கள், மருந்து வந்த பிறகு அது வெகுவாகக் குறைந்தது. பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் முதல் நாளே நரம்பில் ஏற்றுவார்கள். என் மகனுக்கும் ஏற்றினார்கள், முடிவு வந்த பிறகு நிறுத்தினார்கள்.

இன்னொன்று வைரஸே இல்லை, ஆனால் அச்சு அசல் இதே போல வரும்: ஸ்க்ரப் டைபஸ். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிக் குஞ்சு கடித்து வருவது. உத்தரப் பிரதேசத்தில் கோரக்பூர் பக்கம் ஆண்டுதோறும் பிள்ளைகள் மூளைக்காய்ச்சலில் இறந்தார்கள். 2005இல் மட்டும் அந்த மாநிலத்தில் ஆயிரத்துக்கு மேல் சாவு. ஜப்பானியத் தடுப்பூசி போட்ட பிறகும் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். தோண்டிப் பார்த்தபோது அதில் பெரும் பங்கு ஸ்க்ரப் டைபஸ் என்று தெரிந்தது. அதற்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற விலை குறைந்த மருந்தே போதும், நேரத்தோடு கொடுத்தால். நம் வேலூர்ப் பக்கத்திலும் இது உண்டு. காய்ச்சல் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால் பாருங்கள். சிகரெட்டால் சுட்டது போல வலியில்லாத ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அது பல நோயாளிகளில் இருக்காது, இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது, பீகார் முசாபர்பூர். ஒவ்வொரு மே, ஜூனிலும் பிள்ளைகள் விடிகாலையில் இழுப்பு வந்து இறப்பார்கள். பல வருஷம் வைரஸைத் தேடினார்கள். வேலூரைச் சேர்ந்த நுண்கிருமி நிபுணர் டாக்டர் டி. ஜேக்கப் ஜான், இது வைரஸ் போலத் தெரியவில்லை, லிச்சிப் பழத்தையும் ரத்தச் சர்க்கரையையும் பாருங்கள் என்றார். 2014இல் இந்திய, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் சேர்ந்து செய்த ஆய்வும் அதையே காட்டியது. தோப்பில் லிச்சி தின்றுவிட்டு இரவுச் சாப்பாடு இல்லாமல் படுத்த பிள்ளைகள். அந்தப் பழத்தில் உள்ள ஒரு பொருள் உடம்பு சர்க்கரை தயாரிப்பதைத் தடுத்துவிடும். நன்றாகச் சாப்பிட்டுப் படுத்த பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, வெறும் வயிற்றோடு படுத்த பிள்ளை எழுந்திருக்காமலே போகலாம். மருந்து என்ன தெரியுமா? குளுக்கோஸ். ஏழைப் பிள்ளைகளுக்கு ராத்திரி ஒரு வாய்ச் சோறு.

மயங்கிய பிள்ளைக்கு முதலில் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். அரை நிமிட வேலை.

6 நவம்பர் 2024

ஆமாம், லிச்சி பற்றி எழுதியது கேள்வியிலிருந்து தள்ளிப் போய்விட்டது. ஆனாலும் அதை எடுக்கமாட்டேன்.

10 நவம்பர் 2024

ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசி. ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, பதினாறு முதல் இருபத்துநான்கு மாதத்துக்குள் ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். என் மகன் பிறந்த 1998இல் எங்கள் ஊரில் இது இல்லை. கோரக்பூர்ச் சாவுகளுக்குப் பிறகு 2006இல்தான் மத்திய அரசு சீனாவிலிருந்து தடுப்பூசி வாங்கிப் பெரிய அளவில் போட ஆரம்பித்தது. பிறகு நம் நாட்டிலேயே, கர்நாடகத்தின் கோலாரில் நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த வைரஸை வைத்து ஜென்வாக் என்ற ஊசி வந்தது. இந்த ஊசி எல்லா ஊர்ச் சுகாதார நிலையத்திலும் கிடைக்கும், போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.

11 நவம்பர் 2024

எல்லா ஊரிலும் கிடையாது. கிராம சுகாதார செவிலியராக இருக்கும் ஒரு சகோதரி திருத்தியிருக்கிறார். நோய் இருப்பதாக அரசு கணக்கெடுத்த மாவட்டங்களில் மட்டும்தான் அட்டவணையில் சேர்த்துப் போடுகிறார்கள். உங்கள் மாவட்டம் அதில் இருக்கிறதா என்று உங்கள் செவிலியரிடம் கேளுங்கள். பிள்ளையின் தடுப்பூசி அட்டையில் ஜே.இ. (ஜப்பானிய மூளைக்காய்ச்சல்) என்று கட்டம் இருக்கும். வேறு மாவட்டத்திலிருந்து குடிவந்தவர்கள் கட்டாயம் கேளுங்கள், விட்டுப்போவது அவர்களுக்குத்தான்.

16 நவம்பர் 2024

"பெரியவர்களுக்கு ஏன் வருவதில்லை?"

வரும். ஆனால் நம்மைப் போன்ற நெல் ஊர்களில் சின்ன வயதிலேயே அந்தக் கொசு எல்லாரையும் கடித்திருக்கும். தொற்றியவர்களில் சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் மூளைக்காய்ச்சலாக மாறும், மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது, எதிர்ப்புச் சக்தி மட்டும் நின்றுவிடும். அந்த ஊரில் புதிதாகத் தொற்றுக்கு ஆளாக மிச்சம் இருப்பது பிள்ளைகள்தான். அன்று எங்கள் தெருவில் எத்தனையோ பிள்ளைகளை அதே கொசுக்கள் கடித்திருக்கும். 250இல் ஒருவன் என் வீட்டில் இருந்தான்.

இதைத் தெரிந்துவைத்திருந்தது மலேசியாவில் எவ்வளவு உதவியது என்று படித்தபோது எனக்குப் புல்லரித்தது. 1998 கடைசியில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல். ஜப்பானியக் காய்ச்சல் என்று முடிவு கட்டிப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நிற்கவில்லை. சிலருக்கு உறுத்தியது: பிள்ளைகளுக்கு வராமல் பண்ணையில் வேலை செய்யும் பெரிய ஆண்களுக்கு ஏன் வருகிறது? ஊசி போட்டவர்களுக்கும் ஏன் வருகிறது? 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் என்ற ஆராய்ச்சியாளர் அது வேறு வைரஸ் என்று கண்டுபிடித்தார். நோயாளி ஒருவர் வந்த சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரே அதற்கு வைத்தார்கள். அந்த நோயில் மொத்தம் நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1955இல் நம் வேலூரில். பெயரில் ஜப்பான் இருப்பதால் எங்கிருந்தோ புதிதாக வந்தது என்று நினைக்கிறார்கள். இங்கே கண்டுபிடித்தே எழுபது வருஷம் ஆகப்போகிறது.

23 நவம்பர் 2024

தட்டம்மை ஊசி வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு இது.

மகனுக்கு உடற்பயிற்சி கொடுக்கக் கூட்டிப்போன இடத்தில் ஒரு அம்மாவைப் பார்ப்பேன். மகளுக்கு ஒன்பது வயது. நல்லாப் படித்த பிள்ளை. முதலில் கையெழுத்து கெட்டது, டீச்சர் திட்டினார்கள். அப்புறம் கையில் இருப்பதைக் கீழே போட ஆரம்பித்தாள். உட்கார்ந்திருக்கும்போதே யாரோ பின்னாலிருந்து தட்டியது போலத் தலை ஒரு வெட்டு வெட்டும், சில வினாடிக்கு ஒரு முறை. பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது அவளுக்குத் தட்டம்மை போட்டிருந்தது. அம்மன் வந்து இறங்கிப் போய்விட்டாள் என்று தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டார்கள். வைரஸ் போகவில்லை. எட்டு வருஷம் மூளைக்குள் சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. எஸ்.எஸ்.பி.இ. என்று பெயர். இரண்டு வயதுக்குள் தட்டம்மை வந்த பிள்ளைகளுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்காருவோம். மாதா மாதம் என் மகன் ஒரு படி ஏறினான், அவள் மகள் ஒரு படி இறங்கினாள். நடந்து வந்தவள் பிறகு தூக்கி வரப்பட்டாள். என் மகன் புதிதாக ஏதாவது செய்தால் அந்த அம்மாதான் முதலில் கைதட்டுவார். ஒரு கட்டத்தில் அவர்கள் வருவது நின்றுவிட்டது. நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் வந்த புரளியை நம்பி எங்கள் ஊரிலேயே பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. வீடு வீடாகப் போய் அந்தப் பெண்ணைப் பற்றித்தான் சொன்னேன். சிலர் கேட்டார்கள்.

24 நவம்பர் 2024

நாய்க்கடி பற்றிக் கேட்டவருக்கு: இதைப் படித்து முடிக்க வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், மஞ்சள் சுண்ணாம்பு வைக்காதீர்கள், உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் வந்த கடி என்றால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றியும் ஒரு ஊசி உண்டு, கேட்டு வாங்குங்கள். வெறிநாய்க்கடி நோயும் மூளையைத்தான் தாக்கும், அதன் அறிகுறி வந்த பிறகு செய்ய ஒன்றுமே இல்லை. பிள்ளைகள் அடி விழுமோ என்று கடியை மறைப்பார்கள். அடிக்காதீர்கள்.

2 டிசம்பர் 2024

கேள்வி கேட்ட சகோதரி எழுதியிருக்கிறார்: பக்கத்து வீட்டுப் பிள்ளை சிரிப்பதே இல்லையாம், "கோபமா இருக்காளோ" என்று மகள் கேட்கிறாளாம்.

கோபம் இல்லை. இந்த நோய் மூளையின் நடுவே இருக்கும் தலாமஸ் பகுதியையும் அசைவைச் சீராக்கும் பகுதியையும் பிடிக்கும். அதனால் முகம் மரத்த மாதிரி ஆகிவிடும். கை நடுங்கும், உடம்பு விறைக்கும். வயசான சிலருக்கு வரும் பார்க்கின்சன் நோய் போல. என் மகனுக்கு ஏறத்தாழ ஒரு வருஷம் முகத்தில் சிரிப்பே வராது. கண்ணைப் பார்த்தால் தெரியும், கீழ் இமை மட்டும் லேசாக மேலே ஏறும். அவன் அம்மாதான் அதை முதலில் கண்டுபிடித்தாள். "சிரிக்கிறான் பாருங்க, சிரிக்கிறான் பாருங்க" என்று என்னை இழுத்து வந்து காட்டினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு வாரம் பார்த்த பிறகு தெரிந்தது. உங்கள் மகளைக் கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எரிச்சல், அடம், தூக்கமின்மை எல்லாம் வரும். அதையும் நோய் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரைதான் வேகமாகத் தேறும் காலம். அப்போது பயிற்சியை விடக் கூடாது. பேச்சுப் பயிற்சி, கை கால் பயிற்சி இரண்டும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே கிடைக்கும். சென்னைக்குப் போக முடிந்தவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் இருக்கிறது. மாற்றுத்திறனாளி அட்டை வாங்க வெட்கப்படாதீர்கள். என் மகன் பத்தாம் வகுப்புத் தேர்வை, சொல்லச் சொல்ல எழுதும் ஆளோடு, ஒரு மணி நேரம் கூடுதலாக வாங்கி எழுதினான். இன்று 26 வயது. நெல் கொள்முதல் சீசனில் எங்கள் கணக்கு முழுக்க அவன் தலையில்தான். பேச்சு இன்னும் மெதுவாகத்தான் வரும், போனில் புதியவர்கள் பொறுமையில்லாமல் வைத்துவிடுவார்கள்.

அவன் விரலைத் திருப்பிக் கொண்டுவந்தது என் அம்மா. அதே அம்மா. எட்டு மாதம் ஒரு பிள்ளையும் வராத வீட்டில் தினமும் மதியம் பல்லாங்குழியை எடுத்துப் போட்டு அவனோடு உட்காருவார். ஒரு குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. முதல் வாரம் ஒரு கொட்டையைக்கூட அவனால் எடுக்க முடியவில்லை, குழியைச் சுரண்டிக்கொண்டே இருப்பான். அவர் எடுத்துக் கொடுக்க மாட்டார். தன் முறை வரும் வரை வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அரை மணி ஆனாலும்.

15 டிசம்பர் 2024

விவசாயி ஒருவர் கேட்டது: வயலில் தண்ணீர் இல்லாமல் நெல் எப்படி, கொசு இல்லாமல் தண்ணீர் எப்படி?

காய்ச்சலும் பாய்ச்சலும். எப்போதும் தேக்கி வைக்காமல் மண்ணில் மெல்லிய வெடிப்பு வரும் வரை விட்டுப் பாய்ச்சினால் கொசுப் புழு காய்ந்து சாகும். மதுரை ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கொசு ஆராய்ச்சி மையத்தார் 1990களிலேயே இந்த நீர் நிர்வாகத்தோடு வேம்பு கலந்த உரத்தைச் சேர்த்து நெல் வயல்களில் செய்து பார்த்திருக்கிறார்கள், புழு குறைந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். நோய் ஏறுவது ஐப்பசி, கார்த்திகையில். அப்போது அடைமழையில் எங்கள் களிமண் வயலைக் காய விட முடியாது. குறுவைக்குச் செய்யலாம், சம்பாவுக்கு வானம் விட்டால்தான். அதனால் ஊசியும் கொசுவலையும்தான் முதலில்.

16 ஜனவரி 2025

மாட்டுப் பொங்கல் முடிந்து இன்றுதான் பார்த்தேன். சகோதரி எழுதியிருக்கிறார்: மகள் தினமும் போகிறாள், மாமியாரே பல்லாங்குழியைப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்திருக்கிறார், அந்தப் பிள்ளைக்குப் புளியங்கொட்டை விரலில் நிற்காமல் வழுக்குகிறதாம், அழுகிறாளாம்.

புளியங்கொட்டை முதலில் வேண்டாம். நாங்களும் அதில்தான் தப்பாக ஆரம்பித்தோம். சோழி வாங்குங்கள், பெரியதாக. அடியில் வெடிப்பு இருப்பதால் விரல் பிடிக்கும். குழிக்கு ஐந்து போட வேண்டாம், இரண்டு போதும். இடது கையால் எடுக்கப் பார்ப்பாள், உங்கள் மகளை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஆடச் சொல்லுங்கள். சோழி சுலபமாக வந்த பிறகு புளியங்கொட்டைக்குப் போகலாம், எங்களுக்கு அதற்கு ஏழு வாரம் ஆனது.